எண்ணூறு கிராம்

முதல் கோழியைப் பாவாயி கூண்டிலிருந்து எடுத்து நீட்டியபோது குழந்தைவேலு கோழியைப் பார்க்கவில்லை, அவள் கையைத்தான் பார்த்தார். பார்த்ததும் கண்ணை நோட்டுக்குத் திருப்பிக்கொண்டார். நோட்டில் பார்க்க ஒன்றுமில்லை, தேதியும் 'ஷெட் நான்கு' என்பதும் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே எழுதியாகிவிட்டது. கோழி பிடிக்க இவள் எப்படி வந்தாள்? இந்த ஷெட்டைப் பார்த்துக்கொள்கிற ராசப்பனுக்கு அல்லவா போன் போட்டு, பத்து மணிக்கு வருகிறேன், இறகு மார்க் போட வேண்டும், கோழி பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தது. ராசப்பன் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டானாம். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை முக்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து "வாங்க டாக்டருங்க" என்று குரல் வந்தது. கேட்டதும் வலது காலை முக்கினோமா இடது காலை முக்கினோமா என்று மறந்துபோய் மறுபடியும் இரண்டையும் முக்கினார். இரண்டரை மாதமாக அவர் தப்பித்துக்கொண்டிருந்தது இந்தக் குரலிடமிருந்துதான். பண்ணையில் எட்டு ஷெட். நான்காம் ஷெட் என்றால் மட்டும் அவருக்குத் தீவன ஆலையில் அவசர வேலை முளைத்துவிடும், அல்லது வயிறு சரியிருக்காது. இன்றைக்கு எந்த வயிறும் உதவாது. பதினோரு மணிக்கு முதலாளி சென்னியப்பன் வருகிறார், இறகு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கேட்பார். ஒரு வரிசை, முந்நூறு கூண்டு, பத்துக்கு ஒன்றாக முப்பது கோழி. ஒரு மணி நேர வேலை. ஒரு மணி நேரம் இரண்டு முழ அகலப் பாதையில் இவளோடு நடக்க வேண்டும். டாக்டருங்க என்கிறாள். அதுவே ஒரு பொய். அவர் படித்தது உயிர்வேதியியலில் எம்.எஸ்சி., அவ்வளவுதான். மாட்டு டாக்டருக்கும் படிக்கவில்லை, ஆராய்ச்சிப் பட்டமும் வாங்கவில்லை. நாமக்கல் பக்கம் தீவனக் கணக்குப் போட ஆரம்பித்த புதிதில் யாரோ ஒரு பண்ணைக்காரர் டாக்டர் என்று கூப்பிட்டார், இவர் இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இருபத்தாறு வருஷம் கழித்து எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்று அப்படியே விட்டுவிட்டார்.

"கழுத்து நாலு," என்றார். குரல் வந்தது, பரவாயில்லை. "முதுகு மூணு. றெக்கை நாலு. வால் மூணு. பின்பக்கத்தைத் திருப்பு." பாவாயி கோழியைத் தலைகீழாகத் திருப்பினாள். நிறைய இறகு இருந்தால் நான்கு, வெறும் தோல் என்றால் ஒன்று, இதுதான் மார்க். ஆடி மாதத்தில் இதே வரிசையில் அவர் போட்டது ஒன்று, ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. எட்டு ஷெட்டிலும் மோசமானது இதுதான், அன்றைக்கு இந்த ஷெட்டைப் பார்த்தவர்கள் சாயங்காலம் சோறு தின்றிருக்க மாட்டார்கள். பத்தாயிரம் வெள்ளைக் கோழியும் கடைக்காரன் பாதி உரித்துவிட்டுப் போனதுபோல முதுகு சிவந்து நின்றன. ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கும், பிடுங்கியதைக் கீழே போடாமல் விழுங்கும், இறகு தீர்ந்த இடத்தில் தோலைக் கொத்தும், ரத்தம் கண்டுவிட்டால் கூண்டிலிருக்கிற நாலும் சேர்ந்துகொள்ளும். அலகு வெட்டின கோழிகள்தான், ஆனாலும் கொத்தின. கொழுப்பெடுத்துக் கொத்தவில்லை, பாவம். இறகு கட்டக் கந்தகம் வேண்டும், கந்தகம் மெத்தியோனின் என்கிற அமினோ அமிலத்தில் இருக்கிறது, மெத்தியோனின் தீவனத்தில் குறைந்துபோனது. தட்டில் இல்லாதது பக்கத்துக் கோழியின் முதுகில் இருப்பது அதற்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் இதை விளக்க அவர் ஒரு கதை வைத்திருந்தார், எல்லோரும் சிரிப்பார்கள்: கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்திருக்கிறார்கள், ஆயிரம் பேருக்குச் சோறு இருக்கிறது, சாம்பார் இருக்கிறது, பாயசம் இருக்கிறது, இலை மட்டும் எழுநூறுதான் இருக்கிறது என்றால் பந்தி எழுநூறோடு முடிந்தது, மீதிச் சோறு எருமைக்குத்தான், கோழிக்கு அந்த இலைதானுங்க மெத்தியோனின். கைதட்டுவார்கள். இலை வாங்கப் போனவன் பாதி இலையை வாங்க மறந்துவிட்டு, சமையல்காரியைக் காட்டிக்கொடுத்தால் அந்தக் கதைக்கு யார் கைதட்டுவார்கள்? அடுத்த பத்தாவது கூண்டு வந்துவிட்டது. பாவாயி சின்னக் கதவைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, கோழி படபடப்பதற்கு முன்பே இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து வெளியே எடுத்தாள். எடை ரூமில் பதினோரு வருஷம் இருந்த கை. கிராம் பிசகாத கை என்று அவரே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சின்ன எடை ரூமை நினைத்தாலே மூக்கில் வாடை ஏறுகிறது. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கிளிஞ்சல் எல்லாம் மூட்டை மூட்டையாகப் பெரிய எந்திரத்துக்கு நேராகப் போய்விடும். டன்னுக்குக் கிலோக் கணக்கிலும் கிராம் கணக்கிலும் சேர்கிற உப்பு, விட்டமின், லைசின், மெத்தியோனின், இவற்றை மட்டும் அந்த ரூமில் தராசு வைத்து நிறுத்துப் பையில் கட்டுவார்கள். மெத்தியோனின் பார்வைக்கு வெள்ளை மாவு, மோந்து பார்த்தால் முட்டைக்கோஸ் வெந்து கெட்ட வாடை. சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. சுவரில் ஆணியில் அவர் கையால் எழுதிய சீட்டுத் தொங்கும், எந்தப் பொருள், எத்தனை கிலோ, எத்தனை கிராம். கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டலாம் என்று முதலாளி எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டார். இவருக்கு இவர் கையெழுத்தின்மேல் ஒரு பெருமை. ஆனி பிறந்து நாலாம் நாள் புது எந்திரம் ஓட ஆரம்பித்தது. பழையது அரை டன் கலக்கும், புதியது ஒரு டன். ஆகவே சீட்டில் உள்ள எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கிப் புதுச் சீட்டு எழுத வேண்டும். மூன்றாம் வகுப்புக் கணக்கு. எழுதிக்கொண்டே வந்தார். உப்பு ஒன்றரைக் கிலோ, மூன்று கிலோ. லைசின் முந்நூறு கிராம், அறுநூறு. அப்போது போன். பண்ணைக்காரர்கள் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கிறவன் பேசினான், உங்கள் பேருக்கு முன்னால் என்ன போடுவதுங்க, 'திரு'வா என்றான். திருவாம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "டாக்டர்னே போட்டுருங்க, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க" என்று சொல்லிக்கொண்டே, கை தன்பாட்டுக்கு மெத்தியோனின் என்று எழுதி, பக்கத்தில் பழைய சீட்டைப் பார்த்து எண்ணூறு கிராம் என்று எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டது. ஆயிரத்து அறுநூறு என்று எழுதியிருக்க வேண்டும். டாக்டர் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்த அதே நிமிஷத்தில். இதை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் சிரிப்பார்கள், சிரித்து முடித்த பிறகு காறித் துப்புவார்கள். அன்றைக்கு மத்தியானமே பாவாயி சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "டாக்டருங்க, எல்லாம் ரெண்டு பங்காயிருக்குது, இது மட்டும் அப்படியே இருக்குதுங்களே." அப்போதும் போன், அதே நோட்டீஸ்காரன், படம் அனுப்பச் சொல்கிறான். இவர் சீட்டைப் பார்க்கவில்லை. கையை வீசி, "எழுதியிருக்கறதப் போடு பாவாயி" என்றார். சீட்டைப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அவள் "சரிங்க" என்று போய்விட்டாள். எழுதியிருந்ததைப் போட்டாள், ஐந்து வாரம்.

பத்தாவது கோழி. முதுகு மூன்று, கழுத்து நான்கு. புதிய இறகின் தண்டு இன்னும் நீலமாக இருந்தது, உள்ளே ரத்தம் ஓடுகிற இளம் இறகு. நல்ல முளைப்பு. பாவாயி ஒன்றும் பேசவில்லை. ஏன் பேச மாட்டேன் என்கிறாள்? வந்ததிலிருந்து "வாங்க" என்ற ஒரு வார்த்தை, பிறகு கோழி, பிறகு கோழி. வேறு பெண்ணாக இருந்தால் இந்நேரம் ராசப்பன் மச்சினன் வீட்டுக் கதை முழுக்க வந்திருக்கும். இவள் வைத்துக்கொண்டிருக்கிறாள். முதலாளி வரட்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். பதினோரு மணிக்கு அவர் காலை முக்கிக்கொண்டு உள்ளே வந்ததும், முதலாளி ஒரு நிமிசம் என்று ஆரம்பிப்பாள், அன்னிக்கு நான் போய்க் கேட்டனுங்க, இவர்தான் எழுதியிருக்கறதப் போடுன்னாரு என்பாள். சொல்லட்டுமே. முதலாளி விசாரித்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? அன்றைக்கு அந்த எடை ரூமில் எல்லோரும் நின்றார்களே, ஒரு வாய் சொல்லியிருக்கலாமே. குழந்தைவேலுவுக்கு ஒரு நிமிஷம் அவள்மேல் கோபம்கூட வந்தது. தான் செய்ததை அவள் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவள்மேல் கோபம்! மனுஷப் புத்திக்கு வெட்கமே கிடையாது. கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. குனியும்போதெல்லாம் இடிக்கிறது. கூட்டுக்குள் துணிக்கு அடியில் நாலாக மடித்த எண்ணூறு கிராம் சீட்டு இருக்கிறது. அந்தச் சீட்டு. ஏன் கிழிக்கவில்லை? கிழிக்கத்தான் எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் கிழித்தால் மனைவி குப்பையில் பார்ப்பாள் என்று தோன்றியது, அவள் எந்தக் காலத்தில் குப்பையைக் கிளறினாள்? வழியில் ஓடைப் பாலத்தில் வீசலாம் என்று வண்டியை நிறுத்தினார், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான், கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு கிழிக்கலாம் கிழிக்கலாம் என்று கிழிக்காமலே கூட்டுக்குள் கிடக்கிறது. கண்ணாடியை எடுக்கும்போதெல்லாம் அதை விரல் தொடுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் கண்ணாடியை எடுக்கிறோம் என்று இந்த இரண்டரை மாதத்தில்தான் அவருக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நடந்ததை ஒரே ஒரு தரம் முழுசாக நினைத்துப் பார்த்துவிட்டால் விட்டுவிடும் என்று பல நாள் முயன்றிருக்கிறார். பாதியில் மனம் வழுக்கி வேறெங்காவது ஓடிவிடும். ஆடியில் முட்டை சிறுத்தது, இறகு போனது, செத்த கோழி முந்நூற்றுப் பன்னிரண்டு. முதலாளி தீவனத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினார். சாயங்காலம் பதில் வந்தது, சேர்க்க வேண்டிய மெத்தியோனினில் பாதிதான் இருக்கிறது. இவர் நேராக எடை ரூமுக்குப் போய் விளக்கைப் போட்டுச் சீட்டைப் பார்த்தார். எண்ணூறு. அவர் கையெழுத்தில், அந்த அழகான எட்டு. அப்போது அங்கே யாரும் இல்லை, பாவாயி வீட்டுக்குப் போயிருந்தாள். முதலாளிக்குப் போன் போட்டு, தப்பு என்னுது என்று சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருப்பார், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார். அதற்குமேல் என்ன ஆகியிருக்கும்? நோட்டீஸில் டாக்டர் என்று போட்ட ஆள் மூன்றாம் வகுப்புக் கணக்கில் தவறிவிட்டான் என்று நாமக்கல் முழுக்கத் தெரிந்திருக்கும். அதுதான். ஆணியிலிருந்த சீட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து வேறு சீட்டு எழுதினார். அதே தேதி, அதே பேனா. மெத்தியோனின் ஆயிரத்து அறுநூறு கிராம். புதுத் தாள் பளிச்சென்று இருந்தது, ஐந்து வாரம் தொங்கின தாள் மாதிரி இல்லை. கீழே கிடந்த சோளத் தூசியை உள்ளங்கையில் அள்ளித் தாளின்மேல் தேய்த்தார். ஓரத்தைக் கசக்கினார். நினைப்பு இங்கே வரும்போதுதான் ஒவ்வொரு தரமும் வழுக்கும். எழுதினதைவிட அந்தத் தேய்த்ததுதான் தாங்கவில்லை. எழுதினது பயத்தில் என்று சொல்லிக்கொள்ளலாம், தேய்த்தபோது அவர் கை நடுங்கவில்லை. நிதானமாக, வட்டமாக, நாலு மூலையும் ஒன்றுபோல வரும்படி தேய்த்தார். மறுநாள் முதலாளி பாவாயியைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். "படி, மெத்தியோனினுக்கு எவ்வளவு எழுதியிருக்குது?" அவள் விரல் வைத்துப் படித்தாள். "ஆயிரத்தி அறநூறுங்க." "நீ எவ்வளவு போட்டே?" "எண்ணூறுங்க." பொய் சொல்லியிருக்கலாம், ஆயிரத்து அறுநூறுதான் போட்டேன் என்று சாதித்திருக்கலாம், அவளுக்கு அது தோன்றவே இல்லை. சொல்லிவிட்டுத் திரும்பி இவரைப் பார்த்தாள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளி கத்தி ஓயும்வரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அவள் முகம் தெரியவில்லை, அதற்காகத்தான் கழற்றியதே. அன்றைக்கே அவளை எடை ரூமிலிருந்து நாலாம் ஷெட்டுக்கு மாற்றினார்கள். முதல் வேலை, கொத்துப்பட்டுச் செத்த கோழிகளைப் பொறுக்கிக் குழிக்குக் கொண்டுபோவது.

பதினெட்டு, பத்தொன்பது. கீழே எருவிலிருந்து காரம் ஏறிக் கண் எரிந்தது. நல்லது, கண் கலங்கினால் எருவின்மேல் பழி போட்டுவிடலாம். பழி போடத்தான் நமக்கு நன்றாக வருமே. வெளியே புரட்டாசி மழைக்கு மூட்டம் போட்டிருந்தது, தகரக் கூரைக்குக் கீழே பத்தாயிரம் தொண்டையும் ஒரே கொக்கரிப்பாக இரைந்தன. கல்லூரியில் படித்த ஒன்று அவருக்கு ஞாபகம் வந்தது. படித்த நாளில் புல்லரித்த விஷயம். உயிருள்ள எதுவும், ஈஸ்ட்டோ யானையோ, ஒரு புரதத்தைக் கோர்க்க ஆரம்பித்தால் முதல் மணி மெத்தியோனின்தான். அது வந்து உட்கார்ந்தால்தான் அடுத்தது வரும். கொஞ்சம் கோர்த்து ஆனதும் பல நேரம் அந்த முதல் மணியையே உடம்பு நறுக்கி எடுத்துவிடும், மாலை நிற்கும், ஆரம்பித்து வைத்தது இருக்காது. இதற்கு இவ்வளவு வேலை இருந்தும் கோழியின் உடம்பு இதைத் தானாகச் செய்துகொள்ளாது, மனுஷ உடம்பும் செய்துகொள்ளாது, வாய் வழியாக உள்ளே போனால்தான் உண்டு. சில பேருக்கு உண்மை சொல்வதும் அப்படித்தானோ என்னவோ, உடம்பில் தானாக ஊறுவதில்லை. இப்படி அழகாக யோசித்துத் தப்பித்துக்கொள்வதையும் அவர் கவனித்தார். உடம்பின்மேல் போட்டுவிட்டால் முடிந்துவிட்டது. கோழிக்கு இல்லை, அதனால் பிடுங்கியது. உனக்கு என்ன இல்லை என்று நீ பிடுங்கினாய்? வீடு இருக்கிறது, மகள் வேலைக்குப் போகிறாள், பேர் இருக்கிறது. பேர். அதுதான் இறகு. இருபத்தாறு வருஷமாக ஒட்ட வைத்துக்கொண்டிருந்த இறகு உதிர்ந்துவிடக் கூடாதென்று, பதினோரு வருஷம் கிராம் பிசகாதவள் என்று வாங்கியிருந்த அவள் பேரைக் கொத்திக்கொண்டாய். தோல் வரைக்கும்.

"டாக்டருங்க," என்றாள் பாவாயி.

பேனா கீழே விழுந்தது. அவளே குனிந்து எடுத்து, சேலையில் துடைத்துக் கொடுத்தாள். கையில் இருபத்தேழாவது கோழி. இதோ வந்துவிட்டது என்று குழந்தைவேலு நினைத்தார், மனசில் ஏதோ ஒரு மூலையில் நிம்மதி மாதிரியும் இருந்தது. சொல்லட்டும். அவள் வாயால் வந்துவிட்டால் தான் ஆரம்பிக்க வேண்டியதில்லை. "ரெண்டு மாசமா உங்களப் பாத்து ஒண்ணு சொல்லோணும்னு இருந்தனுங்க. நீங்க இந்தப் பக்கமே வாரதில்ல. எம்மேல கோவமாத்தான் இருப்பீங்க."

"கோவமா? எனக்கா?"

"பின்ன இருக்காதுங்களா? அன்னிக்கு நான் சீட்டத் தூக்கிட்டு வந்து கேட்டனுங்களே, இது மட்டும் அப்படியே இருக்குதுன்னு. நீங்க எழுதியிருக்கறதப் போடுன்னுதான் சொன்னீங்க. எழுதியிருந்தது ஆயிரத்தி அறநூறு. எங்கண்ணுக்கு அது எண்ணூறாத் தெரிஞ்சிருக்குது. அஞ்சு வாரமும் தெரிஞ்சிருக்குதுங்க, தெனமும். எப்படீங்க அது? நாமக்கல்லுல கண்ணு டாக்டருகிட்டப் போனனுங்க, கண்ணுல ஒரு குத்தமும் இல்லைன்னு சொல்லிப்போட்டாரு. அப்ப புத்திலதானுங்க என்னமோ. இந்த உசுருக எல்லாம் எங்கையால இப்படி ஆச்சு. குழில போடறப்ப ஒவ்வொண்ணையும் கும்பிட்டுத்தான் போட்டனுங்க. புரட்டாசி நாலு சனிக்கிழமையும் ஒருபொழுது இருக்கறேன், றெக்கை முளைச்சாப் போதும்னு. முளைச்சிருச்சுங்கல்ல?" கோழியின் முதுகை அவள் புறங்கையால் தடவினாள். "என்னால உங்களுக்கு எத்தன பேச்சு. மன்னிச்சுப்போடுங்க."

குழந்தைவேலுவுக்குக் காதுக்குள் இரைச்சல் ஏறியது, கோழிகள் இரைகிறதா தலை இரைகிறதா என்று தெரியவில்லை. இதை அவர் நினைக்கவே இல்லை. இரண்டரை மாதமாகப் படுக்கையில், வண்டியில், குளிக்கும்போது, அவள் என்னென்ன சொல்வாள், இவர் என்னென்ன பதில் சொல்வார் என்று நூறு விதமாகப் பேசிப் பார்த்தாகிவிட்டது. நூறில் ஒன்றில்கூட அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் மௌனமாக இருந்தது திட்டம் என்று நினைத்தார், அவருக்குத் திட்டம் போடத்தான் தெரியும். சோளத் தூசியை அவ்வளவு நன்றாகத் தேய்த்திருக்கிறார், அவள் தன் கண்ணையே நம்பாமல் போய்விட்டாள். தராசு முள்ளைப் பார்த்துப் பதினோரு வருஷம் பிழைத்தவளின் கண். "பாவாயி," என்றார். "பாவாயி, உம்மேல தப்பில்ல. நாந்தான் எண்ணூறுன்னு எழுதினேன். நீ படிச்சது சரிதான்." சொல்லிவிட்டார். சொல்லியே விட்டோம் என்று ஒரு கணம் உடம்பு லேசானது, அவ்வளவு சுலபமா என்று இருந்தது.

அவள் சிரித்தாள். கண் நிறைந்து, ஆனால் சிரிப்புத்தான். "எனக்குத் தெரியுமுங்க, உங்க மனசு. என்னையத் தேத்தறதுக்குச் சொல்றீங்க. சுவத்துல இருந்தத நானே இந்த வாயால படிச்சனே, ஆயிரத்தி அறநூறுன்னு. இந்தக் காலத்துல யாருங்க அடுத்தவங்க தப்பத் தந்தலைமேல போட்டுக்கறாங்க? நீங்க நல்லா இருக்கோணும்." கோழியைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைத் தட்டிவிட்டு, அடுத்த பத்தாவது கூண்டுக்கு நடந்தாள். நடை முன்பைவிட இலேசாக இருந்தது. இருபத்தெட்டு. கழுத்து நான்கு, முதுகு நான்கு. எழுதினார். கை எழுதியது. இப்போது விட்டுவிடலாம் என்று உள்ளே ஒன்று சொல்லியது. நீ சொல்லிவிட்டாய், அவள் நம்பவில்லை, அதற்கு நீ என்ன செய்வாய். அவளுக்கும் சந்தோஷம், உனக்கும் பாரம் இறங்கியது, முதலாளி வருவார், மார்க் சராசரி மூன்றே முக்கால் என்பாய், சபாஷ் டாக்டர் என்பார். அந்தக் குரல் மிகவும் நியாயமாகப் பேசியது. நிதானமாக, வட்டமாக, நாலு மூலையும் ஒன்றுபோல. எங்கேயோ பார்த்த நிதானம் என்று தோன்றியது, எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. இருபத்தொன்பது. வால் மூன்று. அவள் தன்னோடு ஏதோ முனகிக்கொண்டு வந்தாள், எடை ரூமில் பை கட்டும்போது முனகுவாளே, அதே மெட்டு. இரண்டரை மாதத்தில் முதல் தரமாக முனகுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அவர் நல்லவர் என்பதால் முனகுகிறாள். வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

முப்பதாவது கோழியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மார்க்குக்குக் காத்திருந்தாள். குழந்தைவேலு நோட்டை மூடிக் கூண்டின்மேல் வைத்தார். கண்ணாடிக் கூட்டைத் திறந்து, துணியை எடுத்து, அடியிலிருந்த தாளை எடுத்து நீட்டினார். "படி," என்றார். அவளுக்குக் கை காலியில்லை, கோழியை அவரிடம் கொடுத்துவிட்டுத் தாளை வாங்கினாள். பிரித்தாள். மடிப்பு நைந்திருந்தது. அன்றைக்குப் போலவே விரலை வைத்து மேலேயிருந்து வந்தாள், உப்பு மூணு கிலோ, விட்டமின், லைசின் அறநூறு. விரல் நின்றது. தேதியைப் பார்த்தாள். மேல் ஓரத்தில் ஆணி குத்திய ஓட்டையைப் பார்த்தாள், அதில் விரல் நுனியை வைத்தாள். மறுபடி கீழே வந்தாள். குழந்தைவேலுவின் கைக்குள் கோழியின் நெஞ்சு அடித்துக்கொண்டது, இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு அடிப்பு. அவள் நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க அவருக்குக் கை இல்லை, அதனால் எல்லாம் தெரிந்தது. அந்த முகம் முழுக்கத் தெரிந்தது.

"ரெண்டரை மாசமா," என்றாள் பாவாயி. குரல் சின்னதாக இருந்தது. "ரெண்டரை மாசமா எங்கையால உப்பு அள்ளல நான். குழம்புக்குக்கூட எம்பொண்ணுதான் போடறா."

டாக்டருங்க என்று சொல்லவில்லை. திரும்பி நடந்தாள். இவ்வளவு நேரமும் அவள் பக்கவாட்டில் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டு நடந்த பாதை. இப்போது நடுவில் நடந்தாள், தாளைக் கையில் விரித்துப் பிடித்தபடி. அவர் கோழியோடு பின்னால் போனார். வாசலில் சென்னியப்பன் ஒரு காலை மருந்துத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, "என்ன டாக்டர், முடிஞ்சுதுங்களா? றெக்கை எப்படி?" என்று உரக்கக் கேட்டார். பிறகு, "அதென்ன பாவாயி கையில, காயிதம்?" என்றார். அவள் நீட்டினாள். அவர் வாங்கித் தூரமாகப் பிடித்துப் படித்தார், ஒரு தரம் படித்துவிட்டு மறுபடி படித்தார்.

"இதுல எண்ணூறுன்னு இருக்குது. சுவத்துல இருந்தது வேறயில்ல? இத யாரு எழுதுனது?"

பாவாயி திரும்பிப் பார்க்கவில்லை. கதவோரமாக நகர்ந்து நின்று, முதலாளிக்கும் குழந்தைவேலுவுக்கும் நடுவில் இடம் விட்டாள்.

"நாந்தானுங்க," என்றார் குழந்தைவேலு. கோழி கைக்குள் ஒரு தரம் உதறியது, இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு சீட்டையும் நாந்தான் எழுதுனேன்."